பாதிக் கதை மேடையில்

பேரப்பிள்ளை மேடையேறுகிறாள் என்றால் முன்வரிசையில் இடம் தேடாத தாத்தா பாட்டி கிடையாது. ஆனால் அவள் நடிப்பது வேதாகமக் கதையாக இருந்து, அதில் வரும் பார்வோன் எல்விஸ் பிரெஸ்லியைப் போல இடுப்பை அசைத்து ராக் பாட்டுப் பாடினால், குடும்ப ஜெபத்தில் வளர்ந்த மூத்தவர் ஒருவர் கைதட்டுவதா, தலைகுனிவதா? இங்கிலாந்தில் குடியேறிய பிள்ளைகளைப் பார்க்கப் போகும் தமிழ்க் கிறிஸ்தவப் பெற்றோர்கள் பலருக்கும் எழக்கூடிய கேள்வி இது. அதை நிந்தை என்று ஒதுக்கலாம். பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டும்விடலாம். இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்பது என் கட்சி. லண்டனில் தொடங்கி, கிழக்குக் கடற்கரையில் ஆர்ஃபர்ட், மேற்கே செஸ்டர், வடக்கே யார்க் என்று நான்கு ஊர்களை ஒரே கேள்வியோடு பார்த்து வந்தபின் அந்தக் கட்சி இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. பள்ளி மேடை வேதத்துக்குப் பகை அல்ல. திருச்சபையின் மக்களே ஒரு காலத்தில் தெருவுக்குக் கொண்டுவந்த கதையைத்தான் இன்று பிள்ளைகள் பாடுகிறார்கள். அவர்கள் பாடுவது பாதிக் கதை. மீதியைச் சொல்லும் வேலை வீட்டிலுள்ள மூத்தவர்களுடையது.

லண்டன்

1968ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி, மேற்கு லண்டனின் ஹாமர்ஸ்மித்தில் அப்போது இயங்கிய கோலெட் கோர்ட் என்ற சிறுவர் பள்ளியில், யோசேப்பின் கதை பாட்டாக முதன்முதலில் அரங்கேறியது. இசையமைத்த ஆண்ட்ரூ லாயிட் வெப்பருக்கு அப்போது 19 வயது. பாட்டெழுதிய டிம் ரைஸுக்கு 23. பள்ளியின் பாடகர் குழு பாடுவதற்கு ஏதாவது வேண்டும் என்று இசையாசிரியர் கேட்டதால் பிறந்த சின்னஞ்சிறு படைப்பு அது. அரை மணி நேரம்கூட ஓடவில்லை. கேட்டவர்கள் பெரும்பாலும் பெற்றோர்கள். உலகம் முழுக்கப் பள்ளிகளில் இன்று நடிக்கப்படும் ‘ஜோசப் அண்ட் தி அமேசிங் டெக்னிகலர் ட்ரீம்கோட்’ பிறந்த இடம் ஒரு பள்ளி மேடை. இரண்டு மாதம் கழித்து மே மாதத்தில் அது வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலுக்குப் போனது. அது மெதடிஸ்ட் சபையின் ஆலயம். இசையமைப்பாளரின் தந்தை அங்கே இசைப் பொறுப்பில் இருந்தார். அந்தப் பள்ளியில் மகனைப் படிக்க வைத்திருந்த பத்திரிகை விமர்சகர் ஒருவர் ‘சண்டே டைம்ஸ்’ இதழில் பாராட்டி எழுதியதுதான் அதை வெளியுலகுக்குக் காட்டியது. அதே ஆண்டு நவம்பரில் செயின்ட் பால்ஸ் பேராலயத்திலேயே அது பாடப்பட்டது. பள்ளியின் பெயருக்குக் காரணமான ஜான் கோலெட் அந்தப் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்தவர். 1509இல் செயின்ட் பால்ஸ் பள்ளியை நிறுவியபோது 153 பிள்ளைகளுக்கு இடம் வைத்தார். யோவான் சுவிசேஷத்தில் சீடர்களின் வலையில் அகப்பட்ட மீன்களின் எண்ணிக்கையும் அதுதான். வேதத்திலிருந்து ஓர் எண்ணை எடுத்துப் பள்ளியில் வைத்த மனிதரின் பேராலயத்துக்கு, வேதத்திலிருந்து ஒரு கதையை எடுத்துப் பாடிய பள்ளியின் பாட்டு நான்கரை நூற்றாண்டு கழித்துப் போய்ச் சேர்ந்தது.

பள்ளி இசைநாடகம் நடக்கும் மாலையில் லண்டன் பள்ளி அரங்கம் ஒரு சபைக் கூடுகையைப் போலவே இருக்கும். மடக்கு நாற்காலிகள், இடைவேளையில் காகிதக் குவளையில் தேநீர், பிஸ்கட், நிதி திரட்ட ராஃபிள் சீட்டு. திரைச்சீலைக்கு வண்ணம் பூசியவர் ஒரு தகப்பனார், உடை தைத்தவர் ஒரு தாய். பார்வையாளர்களில் பஞ்சாபிப் பாட்டியும் இருப்பார், நைஜீரியத் தாத்தாவும் இருப்பார், நாகர்கோவிலிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள். நம் ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் படுவது, சிறப்பு விருந்தினர் உரை நீளாததும், பிள்ளைகள் தங்கள் சொந்தக் குரலில் பாடுவதும்தான். நம் மேடைகளில் பெரும்பாலும் பதிவு செய்த பாட்டு ஒலிக்க, பிள்ளைகள் அதற்கு ஆடிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இங்கே சுருதி பிசகினாலும் அந்தக் குரல் அந்தப் பிள்ளையின் குரல். வாயால் பாடிய கதை நெஞ்சில் தங்குவதைப்போல, காதால் கேட்டது தங்குவதில்லை. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொல்லி வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் முதல் ஆட்சேபணை எழுகிறது, அது நியாயமானது. இந்த நாடகத்தில் கடவுளைப் பற்றிய பேச்சு ஏறத்தாழ இல்லை. ஆதியாகமத்தில் கனவைத் தருபவரும் அதன் பொருளைத் திறப்பவரும் கடவுள். யோசேப்பே பார்வோன் முன்னால் நின்று, விளக்கம் தன்னால் ஆவதல்ல என்று சொல்கிறார். நாடகத்தின் புகழ்பெற்ற பாட்டோ எந்தக் கனவானாலும் சரி என்ற பொருளில் முடிகிறது. கனவு காண்பதே பெரிது, அனுப்பியவர் யார் என்று கேட்க வேண்டாம் என்ற இந்த எண்ணத்தை ஒரு கிறிஸ்தவர் ஏற்க முடியாது. ஏற்பதாக நடிக்கவும் வேண்டாம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த அரங்கில் யோசேப்பின் பெயரையே அதுவரை கேட்டிராத பிள்ளைகள் இருக்கிறார்கள். குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் முழுவதும் யூசுப் நபியின் கதை என்பதை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும், தோராவில் படித்த யூதப் பிள்ளைகளும் இருக்கலாம். சகோதரர்களின் பொறாமை, குழி, அடிமைத்தனம், சிறை, பஞ்சம், மன்னிப்பு என்ற வரிசையை அத்தனை பேரும் ஒரே மாலையில் ஒன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். கடவுளின் பெயரைச் சொல்லாத கதையில் கடவுள் இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. எஸ்தரின் புத்தகத்திலும், நம் கையிலுள்ள எபிரேய வேதத்தின்படி, அவர் பெயர் இல்லை. ஆனாலும் அது வேதாகமத்தில் இருக்கிறது.

ஆர்ஃபர்ட்

லண்டனிலிருந்து வடகிழக்கே சஃபோக் கடற்கரைக்குப் போனால் நிலம் தட்டையாகி, வானம் பெரிதாகிவிடும். ஆர்ஃபர்ட் ஒரு சிற்றூர். இரண்டாம் ஹென்றி மன்னன் கட்டிய பல முகக் கோட்டைக் கோபுரம், செங்கல் வீடுகள், ஒரு படகுத்துறை, எதிரே கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் கூழாங்கல் திட்டு. காற்றில் உப்பும், புகை போட்ட மீனின் வாசமும் வரும். புனித பர்த்தலமேயு ஆலயத்தின் கிழக்கே, இடிந்த பழைய பகுதியின் தூண்கள் புல்வெளியில் நிற்கின்றன. இந்த ஆலயத்தில்தான் 1958 ஜூன் 18 அன்று, இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘நாய்ஸ் ஃபிளட்’ முதலில் பாடப்பட்டது. நோவாவின் பெருவெள்ளத்தைப் பிள்ளைகள் பாடும் இசைநாடகம் அது. நாடக அரங்கில் இதை நடத்த வேண்டாம், ஆலயத்திலோ வேறு பெரிய கூடத்திலோ நடத்துங்கள் என்பது பிரிட்டனின் விருப்பம். அந்தக் கரைக்கு வெள்ளம் பழங்கதை அல்ல. அதற்கு ஐந்து ஆண்டு முன்னர்தான், 1953 ஜனவரி 31 இரவில், வடகடல் பொங்கி இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 300க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிருந்தது. பக்கத்து ஊரான ஆல்ட்பரோவில் பிரிட்டனின் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வேளாங்கண்ணியிலோ நாகப்பட்டினத்திலோ பிள்ளைகள் நோவாவின் கதையைப் பாடினால் அதைக் கேட்கும் பெற்றோர் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால், ஆர்ஃபர்ட்டின் அந்த மாலை நமக்கும் புரியும்.

இந்தப் படைப்பில் ஒரே ஒரு கருவியை அருகில் வைத்துப் பார்த்தால் போதும். மழையின் முதல் துளிகளுக்கு என்ன ஓசை என்று தேடிய பிரிட்டன், தேநீர்க் கோப்பைகளைத் தேர்ந்தெடுத்தார். பருமனிலும் அளவிலும் வேறுபட்ட கோப்பைகள் கைப்பிடி வழியே கயிற்றில் வரிசையாகத் தொங்கும். ஒரு பிள்ளை மரக்கரண்டியால் அவற்றைத் தட்டும். டொக், டொக் என்று இடைவெளி விட்டு விழும் அந்த ஓசை ஓட்டுக்கூரையில் விழும் முதல் மழையேதான். அந்தக் கருவியைச் செய்ய யாரும் கடைக்குப் போக வேண்டாம், சமையலறைக்குப் போனால் போதும். வயலின் பகுதிகளையும் அவர் படிப்படியாக எழுதினார். நன்றாகத் தேர்ந்தவனுக்கு ஒரு வரி, இப்போதுதான் வில்லைப் பிடிக்கக் கற்றவனுக்கு விரல் வைக்காமல் வெறும் தந்தியில் வாசிக்க ஒரு வரி. ராணுவ ஊதுகுழல் பழகிய பள்ளிப் பையன்களுக்கு விலங்குகள் பேழைக்குள் அணிவகுக்கும் இடம். கைமணி அடிக்கத் தெரிந்த இளைஞர் குழுவுக்கு வானவில் தோன்றும் இடம். நோவா, அவர் மனைவி, கடவுளின் குரல் ஆகியவை மட்டுமே பெரியவர்களுக்கு. ஜோடி ஜோடியாக வரும் விலங்குகளெல்லாம் ‘கிரியே எலெய்சோன்’ என்று, ஆண்டவரே இரங்கும் என்ற ஆராதனை மன்றாட்டைப் பாடிக்கொண்டே பேழையில் ஏறுகின்றன. மூன்று இடங்களில் பார்வையாளர்களே எழுந்து பாமாலை பாட வேண்டும். பார்க்க வந்தவர் சபையாகிவிடுகிறார். நோவாவின் மகன் யாப்பேத்தாக அன்று பாடிய பையன்தான், பின்னாளில் லாயிட் வெப்பரின் ‘தி ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா’வில் முதல் கதாநாயகனாக நின்ற மைக்கேல் கிராஃபர்ட்.

மேடை பிள்ளைகளிடம் பெருமையை வளர்க்கும், வாய்ப்புக் கிடைத்தவனைத் தலைக்கனம் பிடித்தவனாகவும் கிடைக்காதவனை ஏங்குபவனாகவும் ஆக்கும் என்பது இரண்டாவது ஆட்சேபணை. பல பள்ளிகளில் அப்படி நடக்கவும் நடக்கிறது. முக்கிய வேடம் நன்கொடை தருபவரின் பிள்ளைக்குப் போகும் மேடையை எந்த வாதத்தாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் குற்றம் மேடையினுடையது அல்ல, மேடையை அமைத்த முறையினுடையது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதியபோது சரீரத்தின் உறுப்புகளை உவமை காட்டினார். பலவீனமாகத் தெரிகிற உறுப்பும் வேண்டியதே என்பது அந்த உவமையின் சாரம். வெறும் தந்தி வாசிக்கிற பிள்ளை நின்றுவிட்டால் இசையில் ஓட்டை விழும்படி எழுதப்பட்ட ஒரு நாடகம், அந்த உவமையை ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளின் கைகளுக்குக் கற்றுத் தருகிறது. இதைவிட நல்ல பிரசங்கம் பத்து வயதுப் பிள்ளைக்குக் கிடைக்காது.

செஸ்டர்

பிரிட்டன் அந்த வார்த்தைகளைத் தாமே எழுதவில்லை. செஸ்டர் நகரத்து மத்திய கால வேத நாடகத்திலிருந்து எடுத்தார். அந்த ஊருக்குப் போக இங்கிலாந்தைக் குறுக்கே கடந்து வேல்ஸ் எல்லைவரை போக வேண்டும். நகரைச் சுற்றி ஏறத்தாழ முழுமையாக நிற்கும் மதில், கடைவீதியில் தரைக் கடைகளுக்கு மேலே மாடத்தில் இன்னொரு கடை வரிசை, மதிலோரம் டீ என்ற ஆறு. பெந்தெகொஸ்தே காலத்தில் இந்த ஊரின் தொழிற்சங்கங்கள் ஆளுக்கொரு வேதக் கதையை வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாக நடித்தன. நோவாவின் வெள்ளம் யாருடைய பங்கு தெரியுமா? டீ ஆற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஊருக்குள் சுமந்து விற்ற தண்ணீர்க்காரர்களுடையது. நாள் முழுக்கத் தோளில் தண்ணீர் சுமந்தவனுக்கு, தண்ணீர் உலகை மூடிய கதையைச் சொல்லும் உரிமை. வேதத்தை உழைப்பாளியின் கையில் கொடுப்பது என்றால் இதுதான்.

அந்தத் தண்ணீர்க்காரர்களின் நாடகத்தில் நோவாவின் மனைவி பேழையில் ஏற மறுக்கிறாள். தோழிகளோடு உட்கார்ந்து குடித்துக்கொண்டு, அவர்களை விட்டு வர மாட்டேன் என்று வம்பு செய்கிறாள். கடைசியில் பிள்ளைகள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஏற்றுகிறார்கள்; கணவனுக்கு ஓர் அறையும் கிடைக்கிறது. வேதத்தில் இல்லாத காட்சி இது. வேதக் கதையில் வேடிக்கை கலப்பது நம் காலத்துச் சீரழிவு என்பவர்கள், பார்வோனை ராக் பாடகனாக்கியதற்கு முகம் சுளிப்பவர்கள், இந்தக் காட்சியை ஒரு கணம் எண்ண வேண்டும். விசுவாசம் தளர்ந்ததால் வந்த சிரிப்பல்ல அது. ஊர் முழுக்க ஆலயத்துக்குப் போன காலத்துச் சிரிப்பு. அதற்கு ஒரு வேலையும் இருந்தது. அவள் தோழிகளை விட்டு வர மறுக்கும்போது சிரித்த கூட்டம், வெள்ளம் வந்ததும் அந்தத் தோழிகள் என்ன ஆனார்கள் என்ற நினைவில் மௌனமாக வேண்டியிருந்தது. சிரிப்பு முடிந்த இடத்தில் பயம் வந்தால் அந்தச் சிரிப்பு கதைக்கு ஊழியம் செய்கிறது. சிரிப்போடு எல்லாமே முடிந்துவிட்டால்தான் பழுது. பள்ளி நாடகத்தை எடைபோட இந்த ஓர் அளவுகோல் போதும். பார்வோன் ஆடி முடித்தபின், சகோதரர்கள் யோசேப்பின் முன் பசியோடு மண்டியிடும் காட்சியில் அரங்கம் அடங்குகிறதா? அடங்கினால் கதை பிழைத்துக்கொண்டது.

யார்க்

வடக்கே யார்க் இன்னும் பழைய ஊர். மிகிள்கேட் வழியாக நடந்து ஊஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, குறுகலான ஸ்டோன்கேட் தெருவில் திரும்பினால், நாடக வண்டிகள் போன பாதையிலேயே நடக்கிறோம். கிறிஸ்துவின் திருவுடல் திருநாளன்று அதிகாலை நாலரைக்கெல்லாம் நடிகர்கள் தயாராக இருக்க வேண்டும் என்பது நகரசபை விதி. உலகப் படைப்பிலிருந்து நியாயத்தீர்ப்புவரை நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிகள். கப்பல் கட்டுபவர்கள் பேழை செய்யும் காட்சியை நடித்தார்கள், ரொட்டி சுடுபவர்கள் கடைசி இராப்போஜனத்தை நடித்தார்கள், ஆணி செய்பவர்கள் சிலுவையில் அறையும் காட்சியை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியில் படைவீரர்கள், மரத்தில் துளை தப்பான இடத்தில் விழுந்துவிட்டது, கை எட்டவில்லை, கயிறு கட்டி இழு என்று பட்டறை ஆட்கள் போலவே பேசிக்கொள்கிறார்கள். தாங்கள் யாரை அறைகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் ஆணி அடித்துப் பிழைப்பவன் அதை நடிக்கும்போது, கேட்டவர் நெஞ்சில் இறங்கியது என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வண்டிகள் யார்க்கில் 1569க்குப் பிறகு ஓடவில்லை. செஸ்டரில் 1575 கடைசி. நிறுத்தியவர்கள் சீர்திருத்தத் திருச்சபையின் மூத்தவர்கள், அதாவது நம்மைப் போன்ற புரொட்டஸ்டன்ட் சபையினரின் ஞான முன்னோர். அவர்களை அறிவிலிகள் என்று சொல்லிக் கடந்து போகக் கூடாது. கடவுளை வேடமிட்டு நடிப்பது பயபக்திக்குக் குறைவு, கட்டுக்கதை வேதத்தின் இடத்தைப் பிடித்துவிடும் என்று அவர்கள் உண்மையாகவே அஞ்சினார்கள். வேதத்தை மக்கள் மொழியில் மக்கள் கையில் கொடுத்தவர்களும் அவர்கள்தான்; அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் ஒன்றைக் கொடுப்பதற்காக மற்றொன்றைப் பறிக்க வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தைத் தனியாக வாசிக்கலாம். பேழையைத் தனியாகக் கட்ட முடியாது. ஊர் கூடிக் கதை சொல்லும் பழக்கம் ஏறத்தாழ நானூறு ஆண்டு அறுந்து, 1951இல்தான் யார்க்கிலும் செஸ்டரிலும் மீண்டும் உயிர் பெற்றது. அந்த ஆண்டு யார்க்கில் தேவதூதர்களில் ஒருத்தியாக நின்றவர் மவுண்ட் பள்ளி மாணவி ஜூடி டென்ச். 1957இல் அதே நாடகத்தில் அவர் மரியாளாக நடித்தார். பிறகு உலகமறிந்த நடிகையானார். மவுண்ட் பள்ளி குவேக்கர் சபையாருடையது. நாடகமும் இசையும் ஆத்துமாவுக்குக் கேடு என்று தலைமுறை தலைமுறையாக ஒதுங்கி நின்ற சபை அது. அந்தச் சபையின் பள்ளியிலிருந்தே ஒரு மாணவி தேவதூதராகப் புறப்பட்டாள் என்றால், மூத்தவர்கள் தங்கள் தீர்ப்பை மறுபடி எண்ணிப் பார்க்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஊர் திரும்பும் வழியில்

இங்கிலாந்துப் பள்ளிகளின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பனின் தலையில் இருப்பது சமையலறையில் பாத்திரம் துடைக்கும் கட்டம் போட்ட துணி. நெற்றியில் ஒரு நாடாவால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். திருநெல்வேலிச் சபைகளின் ஞாயிறு பள்ளி விழாவிலும் மேய்ப்பனின் தலையில் அப்பாவின் குளியல் துண்டுதான். யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ளாமல், வீட்டில் கிடக்கும் துணியே பெத்லகேமுக்குப் போகப் போதும் என்று இரண்டு ஊர்த் தாய்மாரும் கண்டுகொண்டிருக்கிறார்கள். நம்மிடமும் இது புதிதல்ல. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), கோயிலிலும் அரண்மனையிலும் ஆடப்பட்ட குறவஞ்சி என்ற வடிவத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ செய்தார். 1968இல் லண்டன் இளைஞர்கள் இருவர் ராக் இசையை எடுத்தார்கள். அவர் பக்தியால் செய்தார், இவர்கள் விளையாட்டாகச் செய்தார்கள். அந்த வேறுபாடு பெரியதுதான். ஆனாலும் மக்கள் காதுக்குப் பழகிய இசையில் வேதக் கதை ஏறி வரும் என்பதை இரண்டுமே காட்டுகின்றன. நம் கிறிஸ்தவப் பள்ளிகளில் மரியாளாக நிற்கும் சிறுமி இந்துவாக இருப்பதும், யோசேப்பாக வரும் பையன் முஸ்லிமாக இருப்பதும் நாம் அறிந்ததே. அவர்களுடைய விசுவாசத்தை அந்தக் கதை விலையாகக் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

ஆகவே பள்ளி இசைநாடகத்திடம் அது தர முடியாததைக் கேட்க வேண்டாம். பள்ளி ஆலயம் ஆகாது, பாட்டு பிரசங்கம் ஆகாது. பலவருணமான அங்கியைப் பள்ளி தைத்துக் கொடுத்துவிட்டது. அந்த அங்கியைக் கழற்றி இரத்தத்தில் தோய்த்த சகோதரர்களை யோசேப்பு ஏன் மன்னித்தார், அவர்கள் செய்த கேட்டைப் பல உயிர்களைக் காக்கும் வழியாகத் திருப்பியவர் யார் என்பதை, ஆதியாகமத்தின் 50ஆம் அதிகாரத்தைத் திறந்து சொல்ல வேண்டியவர்கள் தாத்தா பாட்டிகள். முன்வரிசையில் உட்காருங்கள், மனதாரக் கைதட்டுங்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து முகத்துச் சாயத்தைக் கழுவியபின், மேடையில் பாடிய கதையை அவள் வாயாலேயே ஒருமுறை சொல்லக் கேளுங்கள். அடுத்த நாளிலிருந்து 37ஆம் அதிகாரத்தில் தொடங்கி வாசியுங்கள். இடையில் வரும் 38 யூதாவின் கதை. அது பிள்ளை வளர்ந்தபின் ஆகட்டும். இரவுக்கு ஓர் அதிகாரம் என்றால், மீதிக் கதை 13 இரவுகளில் முடிந்துவிடும்.